மலையைச் சுமந்தவர்கள்: படக்கருவியின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன்னர் எங்கள் பள்ளியில் ‘என் ஊர்’ என்னும் தலைப்பில் மாணவர்களுக்கான புகைப்படப் போட்டி ஒன்றை நடத்தினோம். புகைப்படக் கலையில் எனக்கு ஈடுபாடு உண்டு என்பதைச் சக ஆசிரியர்கள் அறிவர். ஆதலால் நடுவர் பொறுப்பு என்னிடமே வந்து சேர்ந்தது. வந்த படங்களுள் ஒன்று, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எடுத்த குனோங் ஜெராய் மலையின் படம். முன்னே பச்சை வயல், பின்னே நீலமலை, உச்சியில் ஒரு துண்டு மேகம். பார்த்த மாத்திரத்திலேயே முதற்பரிசு இதற்குத்தான் என்று மனம் சொல்லியது. ஆயினும் ஏதோ ஒன்று உறுத்தியது. அந்த வயல்வெளியை நான் நன்கறிவேன். நாள்தோறும் அவ்வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறேன். அங்கே வயலின் குறுக்கே மின்கம்பிகள் செல்கின்றன. படத்தில் அவற்றைக் காணவில்லை.

மாணவியை அழைத்துக் கேட்டேன். “கைப்பேசியிலேயே அழித்துவிட்டேன் ஐயா. விரலால் தேய்த்தால் போதும், போய்விடும். கம்பி இருந்தால் மலை அழகாக இல்லை” என்றாள். அவள் முகத்தில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் செய்தது தப்பா ஐயா?” என்று கேட்டாள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராக இருக்கும் எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. “நாளை சொல்கிறேன்” என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு நான் நாடியது, மலைகளைப் படமெடுத்தவர்களின் வரலாற்றை. அங்கே கண்டவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஈரத்தகடும் நாற்பது தோள்களும்

இன்று நாம் ‘படம் எடுத்தல்’ என்று எளிதாகச் சொல்லும் செயல், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சிறு தொழிற்சாலையைத் தூக்கிச் செல்வதற்கு ஒப்பாக இருந்தது. 1851-இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ‘ஈரக் கொலோடியன்’ முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகடொன்றைத் துடைத்துத் தூய்மையாக்கி, அதன்மேல் கொலோடியன் என்னும் பசைநீர்மத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பின்னர் அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் படக்கருவியில் வைத்து ஒளிபடச் செய்ய வேண்டும். ஈரம் காயுமுன்பே மீண்டும் இருட்டுக்குள் கொண்டுவந்து உருத்துலக்கவும் வேண்டும். இவையனைத்திற்கும் கிடைப்பது சுமார் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மட்டுமே. தகடு காய்ந்துவிட்டால் படம் இல்லை.

ஆகவே மலைக்குப் படமெடுக்கச் செல்பவர், இருட்டறையையும் கூடவே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கறுப்புத்துணிக் கூடாரம், கண்ணாடித் தகடுகள் நிறைந்த பெட்டிகள், வேதிப்பொருள் புட்டிகள், கனத்த மரப்படக்கருவி, முக்காலி என அத்தனையும் மலையேறின. 1861 ஜூலையில் பிரான்சு நாட்டின் ஓகுஸ்த்-ரோசாலி பிசோன், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் உச்சிக்கு 25 சுமைதூக்கிகளுடன் ஏறினார். தகடுகளைக் கழுவத் தண்ணீர் இல்லாமையால், பனியை விளக்குச் சூட்டில் உருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தனை பாடுபட்டு உச்சியில் அவர் எடுத்த படங்கள் மூன்று.

இமயமலையில் இதே பணியைச் செய்தவர் சாமுவேல் போர்ன். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராக இருந்தவர். அவ்வேலையை விட்டுவிட்டு 1863-இல் இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டே சிம்லாவிலிருந்து சுமார் 30 சுமைதூக்கிகளோடு இமயத்துக்குள் புகுந்தார். அடுத்த ஆண்டு காஷ்மீர்ப் பயணத்தில் அவ்வெண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. 1866-இல் மூன்றாம் முறையாகச் சென்றபோது, ஏறத்தாழ 18,600 அடி உயரத்திலுள்ள மணிருங் கணவாயில் நின்று படமெடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்குமுன் எவரும் படமெடுத்ததில்லை. விரல்கள் விறைக்கும் குளிரில், மூச்சுத் திணறும் உயரத்தில், நெடியடிக்கும் கூடாரத்துக்குள் குனிந்து அமர்ந்து தகட்டைத் தோய்த்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். வியப்பு மேலிடுகிறது.

ஆனால் வியப்போடு நின்றுவிட இயலவில்லை. தம் பயணங்களைப் பற்றிப் போர்ன் இலண்டனிலிருந்து வெளிவந்த புகைப்பட இதழொன்றில் தொடர்ந்து எழுதினார். சுமைகளை இறக்கிவைத்துவிட்டு ஓடிப்போன மலைவாசிகளைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததையும் அவர் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர்களுள் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர்; ஊர் ஊராகத் திரட்டப்பட்டவர்கள். அவர் அவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல், ‘கூலி’.

இச்சொல்லைப் படிக்கும்போது மலேசியத் தமிழன் எவனும் சற்றே நின்றுதான் படிப்பான். நம் பாட்டன் பாட்டியரும் இரப்பர்த் தோட்டங்களின் பதிவேடுகளில் அச்சொல்லால்தான் எழுதப்பட்டார்கள். போர்னின் பெயர் இன்றும் புகைப்பட வரலாற்று நூல்களில் உள்ளது. அவர் தொடங்கிவைத்த நிறுவனத்தின் கல்கத்தாக் கிளை 2016 வரை இயங்கியது. அவருடைய கண்ணாடித் தகடுகளை உடையாமல் மணிருங் கணவாய்வரை முதுகில் சுமந்தவர்களின் பெயரோ எங்குமில்லை. மலையின் அழகிய படமொன்றைப் பார்க்கும்போது, ‘இதைச் சுமந்தவர் யார்?’ என்று கேட்கவும் நம் மாணவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டும்.

வெளுத்த வானம்

ஈரத்தகட்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அது நீல நிறத்துக்கு மிகுதியாகவும், பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு மிகக் குறைவாகவுமே உணர்வு கொண்டது. ஆதலால் மலையின் பாறையும் மரமும் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் நீலவானம் அளவுக்குமேல் பதிந்து, அச்சிட்ட தாளில் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் இருந்தாலும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் மலைப்படங்கள் பலவற்றில் வானம் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு அன்றைய கலைஞர்கள் சிலர் கண்ட வழி என்ன தெரியுமா? மேகங்களை மட்டும் தனியே ஒரு தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நிலக்காட்சியை ஒரு தகட்டிலிருந்தும், வானத்தை மற்றொரு தகட்டிலிருந்தும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார்கள். ஒரே மேகம் வெவ்வேறு ஊர்களின்மேல் மிதந்ததும் உண்டு! ‘புகைப்படம் பொய் சொல்லாது, கணினி வந்தபிறகுதான் எல்லாம் கெட்டது’ என்று நம்மவர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். வரலாறு அதற்குச் சான்று தரவில்லை.

சட்டத்துக்கு வலுச்சேர்த்த படங்கள்

அதே 1861-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் சென்றார். 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள மாபெரும் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள்மீது ஏற்றிக்கொண்டு போனார். படத்தைப் பெரிதாக்குவது அன்று எளிதாக இல்லை; பெரிய படம் வேண்டுமெனில் பெரிய தகடே வேண்டும். நெடிதுயர்ந்த பாறைச்சுவர்களும் அருவிகளும் நிறைந்த அப்படங்கள் நாட்டின் கிழக்குப் பகுதியைச் சென்றடைந்தன. அங்கிருந்த பலரும் யோசெமிட்டியை அப்படங்களில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். 1864 ஜூன் 30-இல், அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென்று பாதுகாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் லிங்கன் கையொப்பமிட்டார். அம்முயற்சிக்கு வாட்கின்ஸின் படங்கள் துணைநின்றன என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

1906-இல் சான் பிரான்சிஸ்கோவைத் தாக்கிய நிலநடுக்கமும் தீயும், முதுமையில் வறுமையுற்றிருந்த வாட்கின்ஸின் படத்தொகுப்பை முற்றாக அழித்தன. 1916-இல் மனநல மருத்துவமனையொன்றில் அவர் மறைந்தார். அதே நிலநடுக்கத்தின் பின்னதிர்வில், அதே நகரில், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தோட்டச்சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டான். வாட்கின்ஸ் மறைந்த அதே 1916-இல் அவன் பெற்றோருடன் யோசெமிட்டிக்குச் சுற்றுலா சென்றான். அங்கே தந்தை அவன் கையில் ஒரு சிறிய பெட்டிப் படக்கருவியைக் கொடுத்தார். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மலைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ்.

உலர்ந்த தகடு தந்த விடுதலை

ஆடம்ஸிடம் செல்லுமுன் ஒரு படியைச் சொல்லியாக வேண்டும். 1871-இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், கொலோடியனுக்கு மாற்றாக ஜெலட்டின் பூசும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்தவையே உலர்தகடுகள். ஆலையில் செய்த தகட்டைப் பல மாதங்கள் வைத்திருக்கலாம். மலையில் எடுத்துவிட்டு, ஊர் திரும்பியபின் உருத்துலக்கலாம். இருட்டறைக் கூடாரம் மலையிலிருந்து இறங்கியது.

இம்மாற்றத்தை முழுமையாகப் பயன்படுத்தியவர் இத்தாலியரான விட்டோரியோ செல்லா. அவருடைய தந்தை 1856-இலேயே இத்தாலிய மொழியில் புகைப்படக்கலை நூல் எழுதியவர். சிற்றப்பன் இத்தாலிய மலையேற்றக் கழகத்தை நிறுவியவர். செல்லாவோ இரண்டு துறைகளையும் ஒருங்கே கற்றார். 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள தகடுகளோடு காக்கேசிய மலைகளில் ஏறினார். அத்தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். 1899-இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்தார். 1909-இல், ஐம்பதை நெருங்கிய வயதில், கே2 சிகரத்தை அடைய முயன்ற குழுவோடு காரகோரம் சென்றார். அவர் எடுத்த படங்களைப் பிற்கால மலையேறிகள் வழிகாட்டும் வரைபடம்போல் ஆராய்ந்தனர்.

சுமை குறைந்துவிட்டது, ஆகவே படம் எளிதாகிவிட்டது என்று நாம் எண்ணலாம். செல்லாவின் படங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. குறைந்த சுமையை அவர் இன்னும் உயரத்துக்கு ஏறவும், சரியான ஒளிக்காகக் காத்திருக்கவும் பயன்படுத்திக்கொண்டார். புதிய கருவி மிச்சப்படுத்திய நேரத்தை எதற்குச் செலவிட்டோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மிஞ்சியிருந்த இரண்டு தகடுகள்

1927 ஏப்ரல் 10. இருபத்தைந்து வயது ஆன்செல் ஆடம்ஸ், தாம் மணக்கவிருந்த பெண்ணுடனும் நண்பர்களுடனும் யோசெமிட்டியின் செங்குத்துச் சரிவொன்றில் ஏறினார். முதுகில் படக்கருவியும் 12 கண்ணாடித் தகடுகளும். ஹாஃப் டோம் என்னும் மாபெரும் பாறை முகப்புக்கு எதிரே வந்து நின்றபோது இரண்டு தகடுகளே எஞ்சியிருந்தன.

வில்லையின்முன் மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி ஒரு தகட்டை எடுத்தார். எடுத்தபின் யோசித்தார். இத்தகட்டில் பாறை நன்றாகவே பதிந்திருக்கும். ஆனால் தம் நெஞ்சில் எழுந்த உணர்வு, அந்தப் பாறை தம்மை அச்சுறுத்தியவாறு எழுந்து நின்ற தோற்றம், அதில் வராது என்று உணர்ந்தார். வானம் கறுத்து, பாறை அதிலிருந்து பிரிந்து எழ வேண்டும். மஞ்சள் வடிகட்டியைக் கழற்றி, ஆழ்ந்த சிவப்பு வடிகட்டியை மாட்டினார். கடைசித் தகட்டில் ஐந்து விநாடி ஒளிபடச் செய்தார்.

இதன் அறிவியல் எளிதானது. அவர் கொண்டு சென்றவை எல்லா நிறங்களையும் உணரும் புதுவகைத் தகடுகள். சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுக்கும். வானத்தின் நீலம் தகட்டை அடையாது. அச்சிடும்போது வானம் கருமையாகும். போர்னின் ஈரத்தகட்டில் இதைச் செய்யவே முடியாது. ஆக, ‘கருவி முக்கியமன்று, கண்தான் முக்கியம்’ என்று நாம் மேடையில் சொல்வது முழு உண்மையன்று. புதிய தகடு இல்லையெனில் அந்தப் படம் இல்லை. ஆனால் அதே தகடும் அதே வடிகட்டியும் அன்று பலரிடம் இருந்தன. கருவியை இயக்குமுன் முடிவான படத்தை மனக்கண்ணில் காண வேண்டும் என்பதை அன்று கற்றதாக ஆடம்ஸ் பிற்காலத்தில் எழுதினார்.

நம் ஆசிரியர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தி: 1940ஆம் ஆண்டையொட்டி, ஆடம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் கலைப்பள்ளியொன்றில் பாடம் நடத்தியபோதுதான், மாணவர்களுக்கு ஒளியின் அளவைப் புரியவைப்பதற்காக ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் இணைந்து ‘மண்டல முறை’யை வகுத்தார். முழுக்கருமை முதல் முழுவெண்மை வரை 11 படிகள். காட்சியின் ஒவ்வொரு பகுதியும் எந்தப் படியில் விழவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல். உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட அம்முறை, வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தது.

அழிக்கப்பட்ட இரண்டு எழுத்துகள்

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் அடைத்து வைக்கப்பட்ட மன்சனார் முகாமைப் படமெடுக்க ஆடம்ஸ் சென்றிருந்தார். 1944-இல், அம்முகாமுக்கு அருகிலுள்ள லோன் பைன் என்னும் ஊரிலிருந்து, சியர்ரா நெவாடா மலையின் குளிர்கால விடியலைப் படமெடுக்க விரும்பினார். நாலைந்து நாள்கள் இருட்டோடு எழுந்து, நடுங்கும் குளிரில் காத்திருந்தார். இறுதியில் ஒரு நாள், பனிமலை ஒளிர, இடையிலுள்ள குன்று இருளில் கிடக்க, முன்னேயுள்ள புல்வெளியில் ஒளிக்கீற்று விழுந்தது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த குதிரையும் சரியான தருணத்தில் பக்கவாட்டில் திரும்பியது. புகழ்பெற்ற அந்தப் படம் பிறந்தது.

ஆனால் அந்தக் குன்றின்மேல், ஊர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வெள்ளைக்கற்களால் தம் ஊரின் முதலெழுத்துகள் இரண்டைப் பெரிதாக அமைத்திருந்தார்கள். படத்தில் அவை இல்லை! எதிர்ப்படத்திலும் அச்சிலும் ஆடம்ஸ் அவற்றை மறைத்துவிட்டார். மலையின் பேரழகுக்கு நடுவே அந்தத் தழும்பை நிலைநிறுத்தும் அளவுக்குத் தாம் தூய்மைவாதி அல்லர் என்று, 1983-இல் வெளிவந்த தம் நூலில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். சிலர் தம்மைக் குறைகூறியதையும் மறைக்கவில்லை.

இதைப் படித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அங்கே மாணவர்கள் எழுதியதை ஒரு பேராசான் அழித்தார். இங்கே ஒரு மாணவி மின்கம்பியை அழித்திருக்கிறாள்.

சட்டைப்பையில் ஒரு படக்கருவி

1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம்பொறியாளர் ஸ்டீவன் சாசன், உலகின் முதல் கையடக்க மின்னியல் படக்கருவியை உருவாக்கினார். கையடக்கம் என்றாலும் எடை சுமார் 3.6 கிலோ. படத்திலிருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள். அதை உருவாக்கிய நிறுவனமே பின்னர் அம்மாற்றத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் 2012-இல் நொடிப்புநிலைப் பாதுகாப்பு கோர நேர்ந்தது. ஆடம்ஸ் 1984-இல் மறைந்தார். கண்ணாடித் தகட்டில் வாழ்ந்த அவர், 1981-இல் வந்த தம் நூலிலேயே, அடுத்த பெரும் முன்னேற்றம் மின்னியல் படம்தான் என்றும், அதை ஆவலோடு எதிர்நோக்குவதாகவும் எழுதினார். முதுமையிலும் புதியதைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

இன்றைய கைப்பேசி, நாம் பொத்தானை ஒருமுறை தொட்டால், ஒரு விநாடிக்குள் பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது. இருண்ட பள்ளத்தாக்குக்கு ஒன்று, ஒளிமிக்க வானத்துக்கு ஒன்று எனக் கலந்து தருகிறது. மேகத்தைத் தனித்தகட்டில் எடுத்து ஒட்டிய பழைய கலைஞரின் வேலையையும், ஆடம்ஸின் 11 படிகளையும் அது தானே செய்துவிடுகிறது. செய்ததை நமக்குச் சொல்வதுமில்லை. முன்பு மனிதன் எடுத்த முடிவை இப்போது கருவி எடுக்கிறது. என் கவலை இது ஒன்றே.

பழமையே இனிமை என்று நான் வாதிட வரவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், நண்பர்களுடன் கினபாலு மலையில் ஏறினேன். 4,095 மீட்டர் உயரம். நள்ளிரவில் புறப்பட்டு, உச்சியில் விடியலைக் கண்டு, இரவல் வாங்கிய படக்கருவியில் 36 படங்கள் எடுத்தேன். ஊர் திரும்பிக் கழுவக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, படச்சுருளின் முனை பற்சக்கரத்தில் மாட்டவேயில்லை என்பது. ஒரு படமும் இல்லை. அன்று ஒரு கைப்பேசி இருந்திருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பேன்! ஆயினும் அவ்விடியலின் ஒவ்வொரு நிறமும் இன்றும் என் கண்முன் நிற்கிறது. 36 முறையும் நின்று நிதானித்துப் பார்த்தேன் அல்லவா?

விடை

மறுநாள் அம்மாணவியிடம் ஆடம்ஸின் கதையைச் சொன்னேன். “அவரும் அழித்தாரா ஐயா?” என்று கண்கள் விரியக் கேட்டாள். “அழித்தார், அழித்ததைச் சொன்னார்” என்றேன். கம்பியுள்ள படம், கம்பியில்லாத படம் இரண்டில் எதை வேண்டுமானாலும் போட்டிக்குத் தரலாம். ஆனால் செய்ததைக் கீழே எழுத வேண்டும் என்று கூறினேன். அவள் கம்பியில்லாத படத்தையே தந்தாள். அடியில், ‘இங்கே மின்கம்பிகள் உள்ளன. மலை மட்டும் தெரியட்டும் என்று நான் எடுத்துவிட்டேன். அந்தக் கம்பி வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வருகிறது’ என்று எழுதியிருந்தாள்.

இரண்டாம் பரிசு கொடுத்தேன். ‘என் ஊர்’ என்பது தலைப்பு. ஊரில் உள்ளதைக் காட்டிய படத்துக்கே முதலிடம் என்று கருதினேன். சக ஆசிரியர் ஒருவர், திருத்திய படத்துக்குப் பரிசே தந்திருக்கக் கூடாது என்றார். பெற்றோர் ஒருவரோ, முதற்பரிசே தந்திருக்கலாம் என்றார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் முடிவு சரிதானா என்று இன்னமும் எண்ணிப் பார்க்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு விலையுயர்ந்த கைப்பேசி வாங்கினால் நல்ல படம் எடுப்பானா என்று என்னிடம் கேட்கிறீர்கள். இருப்பதே போதும். ஒரு மாலை அவனை வெளியே அழைத்துச் சென்று, பத்து நிமிடம் எதையும் எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டே படங்கள் எடுக்க விடுங்கள், ஆடம்ஸிடம் மிஞ்சியிருந்த இரண்டு தகடுகளைப் போல. என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் நெளிந்தார்கள். பின்னர் ஒருவன், “ஐயா, மலையின் நிழல் நகர்கிறது!” என்று கூவினான். அவன் எடுத்த படம் சற்று மங்கல்தான். ஆனால் எதை எடுத்தோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பள்ளிகளிலும் செய்து பாருங்கள். மாணவர்கள் என்ன கண்டார்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.